டாமி ஏன் மூன்று காலில் ஓடுகிறது?

உங்கள் தெருவில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி இருக்கும். புசுபுசுவென்று ரோமம், கூரிய மூக்கு, முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால். எல்லோரும் அதைப் 'பொமரேனியன்' என்பார்கள். உண்மையில் அப்படி அழைக்கப்படும் நாய்களில் பல, இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற இனத்தைச் சேர்ந்தவை. வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருந்த 1980களிலும் 1990களிலும் இந்த இனம் நம் நாட்டு வீடுகளில் பெருகியது. சோறும் தயிரும் தின்று, சிறிய வீட்டிலும் வளர்ந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும், திருவள்ளூர்த் தெருக்களிலும் மாலை வேளையில் நடந்தால் ஒன்றிரண்டையாவது பார்க்கலாம்.

அப்படிப்பட்ட ஒரு நாய்க்கு டாமி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது ஏழு மாதம். ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பந்தை எறிந்தால் பாய்ந்து ஓடுகிறது. ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொள்கிறது. இரண்டு மூன்று எட்டு, மூன்று காலிலேயே தத்துகிறது. பிறகு தூக்கிய காலைப் பின்னால் ஒரு உதறு உதறுகிறது. அவ்வளவுதான்! மறுபடியும் நான்கு காலில் ஓட்டம். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். "டாமி டான்ஸ் ஆடுது பார்!" என்கிறார்கள்.

டாமி ஆடவில்லை. அதன் முழங்காலில் ஒரு சிறு எலும்பு இடம் பெயர்ந்து, மீண்டும் தன் இடத்துக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இதைக் கவனிக்க வேண்டிய வயதும் இதுவே. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நாயின் முழங்கால் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்! பின்னங்காலின் நடுவில், பின்பக்கமாக மடிந்து கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத்தான் பலரும் காட்டுவார்கள். "நாயின் முழங்கால் பின்பக்கம் மடிகிறது" என்றும் சொல்வார்கள். அது முழங்காலே அல்ல, குதிகால்! நாம் பாதம் முழுவதையும் தரையில் ஊன்றி நடக்கிறோம். நாயோ விரல்களை மட்டும் ஊன்றி நடக்கிறது. குதிகாலை உயர்த்தி, நுனிக்காலில் நடந்து பாருங்கள். ஏறக்குறைய அதுதான் நாயின் நடை. அதன் உண்மையான முழங்கால் இன்னும் மேலே, வயிற்றின் பக்கவாட்டுக்கு அருகில் ரோமத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அது நம் முழங்காலைப் போலவே முன்பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது.

இரண்டு எலும்புகள் சந்தித்து அசையும் இடம் மூட்டு. எலும்பும் எலும்பும் நேராக உராய்ந்தால் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு எலும்பின் முனையிலும் வழவழப்பான குருத்தெலும்புப் பூச்சு ஒன்று உண்டு. மூட்டைச் சுற்றி ஒரு பை. பையினுள் முட்டையின் வெள்ளைக்கருபோல் வழுவழுப்பான மூட்டுநீர். எலும்புகள் விலகிப் போகாமல் பிணைநார்கள் கட்டி வைத்திருக்கின்றன. உங்கள் அப்பாவோ மாமாவோ தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவரானால் பேரிங் பற்றிக் கேளுங்கள். வழவழப்பான எஃகும் கிரீஸும் சேர்ந்து அங்கே செய்யும் வேலையை, இங்கே குருத்தெலும்பும் மூட்டுநீரும் செய்கின்றன. சொல்லப்போனால் மூட்டு இன்னும் உயர்ந்த வேலைப்பாடு. நல்ல மூட்டில் உள்ள உராய்வு, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்கும்போது இருக்கும் உராய்வைவிடக் குறைவு.

ஆனால் பேரிங் தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டலாம். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால் ஒருமுறை தேய்ந்தால் முன்போல் வளர்வது அரிது. அதில் நரம்புகளும் இல்லை. அதனால் தேயத் தொடங்கும்போது வலிப்பதும் இல்லை. மூட்டுப்பை வீங்கி, அடியிலுள்ள எலும்புவரை பாதிப்பு போன பிறகுதான் வலி தெரிகிறது. நாய் 'வலிக்கிறது' என்று காட்டும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இனி டாமியின் முழங்காலுக்கு வருவோம். முழங்காலின் முன்பக்கம் பாதாம் பருப்பு வடிவில் ஒரு சிறு எலும்பு உண்டு. அதுதான் முழங்கால் சில்லு. தொடையின் பெரிய தசை ஒரு தசைநாணாக ஒடுங்கி, இந்தச் சில்லைத் தன்னுள் பொதிந்துகொண்டு, கீழ்க்கால் எலும்பில் போய் ஒட்டுகிறது. தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு வாய்க்கால்போன்ற பள்ளம் இருக்கிறது. காலை நீட்டி மடக்கும்போது சில்லு இந்தப் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுகிறது.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ராட்டினத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதன் விளிம்பில் உள்ள பள்ளத்தில்தான் கயிறு ஓடும். பள்ளம் ஆழமாக இருந்தால் கவலையில்லை. தேய்ந்துபோய் ஆழம் குறைந்திருந்தால், அல்லது கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்தால், கயிறு விளிம்பைத் தாண்டி விழுந்து சிக்கிக்கொள்ளும். கயிற்றைத் தளர்த்தி ஒரு உதறு உதறினால் மறுபடியும் பள்ளத்தில் விழும். டாமியின் காலில் நடப்பதும் இதுவே. சில்லு பள்ளத்தைவிட்டு, பெரும்பாலும் உட்பக்கமாக, நழுவுகிறது. நழுவிய கணத்தில் காலைச் சரியாக நீட்ட முடியாது. ஆகவே தூக்கிக்கொள்கிறது. காலைப் பின்னுக்கு உதறும்போது சில்லு மீண்டும் பள்ளத்தில் விழுகிறது. அந்த உதறல்தான் முக்கியமான துப்பு.

இதை நீங்களே உங்கள் காலில் ஓரளவு உணரலாம். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லை இரு விரல்களால் பிடித்து மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள், அசையும். இப்போது தொடைத் தசையை இறுக்குங்கள். சில்லு ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும். தசை நேர்க்கோட்டில் இழுத்தால் சில்லு பள்ளத்தில் அழுந்தி உட்காருகிறது. இழுப்பு கோணலானால் அதே தசையே அதை வெளியே தள்ளிவிடும்.

இந்தச் சோதனையை நாயிடம் செய்யாதீர்கள். வலியில் இருக்கும் நாய், எவ்வளவு பழகியதானாலும், கடித்துவிடலாம். மூட்டை அழுத்திப் பார்ப்பது மருத்துவரின் வேலை. நடையைப் பார்ப்பது உங்கள் வேலை. எந்த நாயாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'வீட்டு நாய்தானே' என்று விட்டுவிடக் கூடாது.

இது டாமியின் வயதில் ஏன் அவசரம்? குட்டி பிறக்கும்போதே அந்தப் பள்ளம் முழு ஆழத்தில் இருப்பதில்லை. குட்டி ஓடி ஆடும்போது சில்லு பள்ளத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில்தான் பள்ளம் சரியான ஆழத்தை அடைகிறது. மண் பாதையில் மாட்டு வண்டி ஓட ஓடத் தடம் ஆழமாவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லு வெளியிலேயே கிடந்தால் பள்ளம் ஆழமாகாது. பள்ளம் ஆழமாகாவிட்டால் சில்லு இன்னும் எளிதாக நழுவும். ஒன்றுக்கொன்று காரணமாகி நிலைமை மோசமாகிறது.

அது மட்டுமா? எலும்புகள் நீளமாக வளர்வது அவற்றின் முனைகளுக்கு அருகில் உள்ள வளர்தட்டுகளில். சிறிய இன நாய்களில் இந்தத் தட்டுகள் ஏறத்தாழ ஓராண்டுக்குள் மூடிவிடுகின்றன. அவை திறந்திருக்கும் காலத்தில் தொடைத் தசை உட்பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தால், நாண் இழுக்க வில் வளைவதுபோல எலும்புகள் வளைந்தும் முறுக்கிக்கொண்டும் வளரும். வளைந்து வளர்ந்த பின் அதைத் திருத்துவது பெரிய அறுவை வேலை. ஏழு மாதத்தில் 'டான்ஸ்' என்று சிரித்துவிட்டு, மூன்று வயதில் 'கால் கோணலாகிவிட்டது' என்று தூக்கிக்கொண்டு ஓடுவதில் இருக்கும் நஷ்டம் இதுதான்.

மருத்துவர்கள் இந்த நோயை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் விரலால் தள்ளினால்தான் சில்லு நழுவும். விட்டால் தானே திரும்பும். இரண்டாம் படியில் தானாகவே அவ்வப்போது நழுவும். டாமி இங்கேதான் இருக்கிறது போலும். மூன்றாம் படியில் பெரும்பாலும் வெளியிலேயே கிடக்கும். தள்ளினால் உள்ளே போகும், மீண்டும் வந்துவிடும். நான்காம் படியில் தள்ளினாலும் போகாது. அந்த நாய் முழங்காலை நீட்ட முடியாமல் பின்பக்கத்தைத் தாழ்த்திப் பதுங்கிப் பதுங்கி நடக்கும். முதல் படிக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். மேற்படிகளுக்குப் பள்ளத்தை ஆழமாக்கியும், தசைநாண் ஒட்டும் எலும்பு மேட்டைச் சற்று நகர்த்தி இழுப்பை நேராக்கியும் அறுவை செய்கிறார்கள். ராட்டினத்தைச் சரிசெய்யும் ஆசாரி என்ன செய்வார்? பள்ளத்தைச் செதுக்குவார், கயிற்றின் வழியை நேராக்குவார். அதேதான்!

இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பல நாய்களுக்கு இரண்டு கால்களிலும் இருக்கும். ஆகவே இந்தக் குறையுள்ள நாயைக் குட்டி போட விடுவது நல்லதல்ல. குட்டி வாங்கும்போது 'வெள்ளையாக இருக்கிறதா' என்று பார்ப்பவர்கள், தாய் நாயைக் கொஞ்சம் நடக்கவிட்டுப் பார்ப்பது மேல்.

நொண்டுகிற குட்டிக்கெல்லாம் சில்லுதான் நழுவுகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறிய இனக் குட்டிகளுக்கே வரும் இன்னொரு நோய் உண்டு. தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல உருண்டு இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கிறது. சில குட்டிகளுக்கு, பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு மாத வயதில், அந்தப் பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. இரத்தம் கிடைக்காத எலும்பு மடிந்து, எடை தாங்காமல் நசுங்குகிறது. இதே நோய் மனிதக் குழந்தைகளுக்கும் வருகிறது. 1910இல் அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தெஸ் ஆகிய மூன்று மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்தார்கள். மூவர் பெயரும் சேர்ந்துதான் இன்று நோயின் பெயர். நாய்க்கு வந்தாலும் அதே பெயர்தான்!

இந்த நொண்டல் டாமியின் நொண்டலைப்போல் வந்து வந்து போவதில்லை. வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும். காலைப் பின்னுக்கு இழுத்தால் குட்டி கத்தும். அந்தத் தொடை மற்றதைவிட மெலிந்துவிடும். எக்ஸ்-ரே எடுத்தால் தெரிந்துவிடும். நசுங்கிய பந்தை அறுவை செய்து எடுத்துவிடுவது வழக்கம். 'பந்து இல்லாமல் கால் எப்படி?' என்று கேட்பீர்கள். எடை குறைந்த நாயில் இடுப்புத் தசைகளே அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. நாளடைவில் நார்த்திசுவால் ஒரு போலி மூட்டு உருவாகிறது. பல நாய்கள் அதைக்கொண்டே நன்றாக ஓடுகின்றன.

சாப்பாட்டாலும் கால் கெடும். வளரும் குட்டிக்கு வெறும் சோறும் கோழி இறைச்சியும் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இரண்டிலும் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இறைச்சியில் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்று உடல் தன் எலும்பிலிருந்தே அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிந்து, கால் வளைந்து, கட்டிலிலிருந்து குதித்தாலே முறியும் நிலை வரும். இதைக் கேட்டுவிட்டு உடனே மருந்துக் கடைக்கு ஓடிக் கால்சியம் மாத்திரைகளை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அளவு மீறினால் அதுவும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். எவ்வளவு வேண்டும் என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

உண்ணியையும் மறக்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் பழுப்பு நாய் உண்ணி ஆண்டு முழுவதும் பெருகும். சுவர் இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது பரப்பும் எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் நாய்க்குக் காய்ச்சலை உண்டாக்குகிறது. சில நாய்களுக்கு மூட்டுகளும் வீங்குகின்றன. நேற்று ஒரு கால், இன்று வேறொரு கால் என்று நொண்டல் மாறி மாறி வந்து, கூடவே சோர்வும் காய்ச்சலும் இருந்தால் இரத்தப் பரிசோதனை தேவை.

இனி நீங்கள் செய்யக்கூடிய ஆராய்ச்சிக்கு வருவோம். ஒரு நோட்டுப் புத்தகமும், வீட்டில் உள்ள செல்போனும் போதும்.

நாயை வழுக்காத சமமான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, ஒருவர் நேராக நடத்திச் செல்லட்டும். நீங்கள் பின்னாலும், பக்கத்திலும், முன்னாலும் நின்று படம் பிடியுங்கள். பாய்ந்து ஓடும்போது நொண்டல் மறைந்துவிடும். மெல்லோட்டத்தில்தான் நன்றாகத் தெரியும். ஏனெனில் அப்போது மூலைக்கு மூலை இரண்டிரண்டு கால்களாக ஊன்றுவதால், ஒவ்வொரு காலும் தன் பங்கு எடையைத் தாங்கியே ஆக வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை தாழும். நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. தலையைத் தூக்கினால் அந்தச் சுமை கொஞ்சம் பின்னுக்குப் போகும் என்பதை நாய் யாரிடமும் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறது! பின்னங்காலில் வலியென்றால் இடுப்பின் அந்தப் பக்கம் மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

செல்போனில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வசதி இருப்பது இதற்கு மிக நல்லது. மருத்துவமனைக்குப் போனதும் பயத்தில் நாய் நொண்டலை மறந்துவிடும். வீட்டில் எடுத்த படம் இருந்தால் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

செல்போன் இல்லையா? மொட்டை மாடி சிமென்ட் தளத்தில் நாயின் கால்களை நனைத்து நடக்கவிடுங்கள். ஈரத் தடங்கள் காய்வதற்குள் அளவுநாடாவால் அடி தூரத்தை அளந்து எழுதுங்கள். இடது கால் எட்டும் வலது கால் எட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று எப்போதும் குட்டையாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அளவை நம்பாதீர்கள். நான்கைந்து நாள் அளந்து பாருங்கள்.

நடை தவிர வேறு அடையாளங்களும் உண்டு. உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறதா? தூங்கி எழுந்ததும் முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கின்றனவா? படியேறும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல்போல் தத்துகிறதா? நேற்றுவரை ஏறிய நாற்காலியின் முன் இன்று நின்று யோசிக்கிறதா? ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருக்கிறதா? எந்தத் தேதி, எந்தக் கால், எத்தனை முறை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். 'அடிக்கடி நொண்டுகிறது' என்பதைவிட 'செவ்வாய்க்கிழமை வலது பின்னங்கால் ஆறு முறை, எல்லாம் டைல்ஸ் தரையில்' என்பது மருத்துவருக்குப் பல மடங்கு பயன்படும்.

டைல்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்போது கட்டும் வாடகை வீடுகளில் எல்லாம் வழவழவென்று டைல்ஸ்தான். பார்க்க அழகு, நாயின் காலுக்கோ அது எண்ணெய் தடவிய பலகை. திரும்பும் வேகத்தில் கால் அகன்று வழுக்குகிறது, முழங்கால் முறுக்கிக்கொள்கிறது. நாய் ஓடும் வழியில் பழைய கோணியோ ரப்பர் விரிப்போ போடுங்கள். ஸ்பிட்ஸ் நாய்க்கு விரல்களுக்கு இடையிலும் ரோமம் வளரும். அதையும் நகத்தையும் பெரியவர்கள் அளவாக வெட்டிவிட்டால் பிடிமானம் கூடும்.

எடையும் முக்கியம். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்க்குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு வழக்கமான உணவும் மற்றதற்கு அதில் 25 விழுக்காடு குறைத்தும் வாழ்நாள் முழுவதும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளியாயிற்று. குறைத்து உண்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. உங்கள் நாய் பருமனா என்று அறிய, கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். அங்கே எலும்புகள் தட்டுப்படுவதுபோல நாயின் விலா எலும்புகளும் ரோமத்துக்கடியில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் பிஸ்கட்டைக் குறைக்க வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்து நாய்க்குக் கொடுப்பது! நமக்குச் சாதாரணமான ஐபுபுரூபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓர் உயிரினத்துக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகளை லட்சக்கணக்கில் கொன்றதால்தான் 2006இல் நம் நாட்டில் அதைக் கால்நடைகளுக்குத் தருவது தடை செய்யப்பட்டது. அத்துடன், வலி மறைந்தால் டாமி மறுபடி பாய்ந்து ஓடும். மூட்டு இன்னும் கெடும்.

சரி, எங்கே காட்டுவது? முதலில் உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். ஆடு மாடுகளுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள், நாயையும் பார்ப்பார்கள். எக்ஸ்-ரே, அறுவை என்று தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய பழமையான கல்லூரி அது. 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்போது இயங்குகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயில் பாதையும் திருவள்ளூரிலிருந்து வரும் பாதையும் பேசின் பிரிட்ஜில் கூடுகின்றன. அங்கிருந்து வேப்பேரி தூரமில்லை.

போகும்போது நோட்டுப் புத்தகத்தையும், நடை படத்தையும், தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். நாயைத் துணி விரித்த கூடையில் வையுங்கள், வண்டியில் குதிக்கவிடாதீர்கள். மருத்துவர் நாயை முதலில் நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு நிற்க வைத்து இரு தொடைகளையும் ஒரே நேரத்தில் தடவி எது மெலிந்திருக்கிறது என்று பார்ப்பார். கடைசியாகப் படுக்க வைத்து முழங்காலை நீட்டி மடக்கி, சில்லைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளுவார். அது நழுவும்போது 'டக்' என்று ஒரு சிறு அதிர்வு அவர் விரலுக்குத் தெரியும். எத்தனையாவது படி என்று அப்போதே சொல்லிவிடுவார். நீங்களும் கேட்டு, அதையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது படி மாறியிருக்கிறதா என்று ஒப்பிட அது வேண்டியிருக்கும்.